நுரையீரல் நோயறிதலில் கணிப்பொறியின் இடம்

முன்னுரை

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவு பெறுகிறது. நோயுற்றவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணி உதவுபவன் என்பன அந்நான்கு. இந்நான்கும் செம்மையாக அமைந்த இடத்தில்தான் மருத்துவம் முழுமை பெறுகிறது என்பது வள்ளுவர் கருத்தாகும். அவர் காலத்தில் இல்லாத புதிய ஒன்று இன்று மருத்துவமனைக்குள் நுழைந்திருக்கிறது. உடலின் உட்புறத்தைக் காட்டும் படங்களைத் தானே ஆராய்ந்து, 'இவ்விடத்தில் ஐயத்திற்குரிய ஒன்று உள்ளது' என்று சுட்டிக்காட்டும் கணிப்பொறியே அது. இதனை அந்நான்கு கூறுகளுள் எங்கே வைப்பது? மருத்துவன் இருக்கையிலா, உதவுபவன் இருக்கையிலா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக நுரையீரலைத் தேர்ந்துகொண்டோம். காரணம் வெளிப்படையானது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தோர் ஏறத்தாழ 18 லட்சம் பேர். வேறு எந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைக் கொள்ளவில்லை. இந்நோய் தொடக்க நிலையில் வலியோ இருமலோ தருவதில்லை. அறிகுறி தோன்றும்போது நோய் முற்றிவிடுவதே பெரும்பான்மை. ஆகவே, முன்னதாகக் கண்டறிதல் என்பது இங்கு வசதி அன்று, உயிர்ப் பிரச்சினையாகும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கான விடையைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் காண்போம்.

நிழலிலிருந்து குறுக்குவெட்டுக்கு

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செருமனி நாட்டின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்லெம் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உடலைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கும் வழி அன்று பிறந்தது. 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் எக்ஸ்ரே படத்திற்கு ஓர் இயற்கையான குறை உண்டு. அது ஒரு நிழல். முன்னே உள்ள விலா எலும்பும், நடுவே உள்ள இதயமும், பின்னே உள்ள முதுகெலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகின்றன. எலும்பின் பின்னாலோ இதயத்தின் மறைவிலோ இருக்கும் சிறு கணு அந்நிழலில் மறைந்துபோகிறது.

இக்குறையை நீக்கியது சி.டி. ஸ்கேன் எனப்படும் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படமாகும். உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிர்களைச் செலுத்தி, அவை உள்ளே எவ்வளவு உறிஞ்சப்பட்டன என்பதை அளந்து, அவ்வளவுகளிலிருந்து உட்புறத்தைக் கணக்கிட்டு வரைவதே இதன் அடிப்படை. இதற்கு வேண்டிய கணித உண்மையை ஆஸ்திரியக் கணித அறிஞர் ஜொஹான் ராடான் 1917-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் 1960-களில் இக்கணக்கை மருத்துவ நோக்கில் வளர்த்தார். இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளரான காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் கருவியையே செய்து முடித்தார். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இலண்டன் விம்பிள்டனில் அன்று இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை இவ்வாறு படம் எடுக்கப்பட்டது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தொடக்கத்தில் ஒரு குறுக்குவெட்டை எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. இன்று மார்பு முழுவதையும் நோயாளி ஒருமுறை மூச்சடக்கும் நேரத்திற்குள் எடுத்துவிடுகின்றனர்.

எண்களால் ஆன படம்

கணிப்பொறியின் பணியை விளங்கிக்கொள்ள முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். சி.டி. படம் நம் கண்ணுக்குக் கறுப்பு வெள்ளைப் படமாகத் தோன்றினும், உண்மையில் அது எண்களின் அட்டவணையாகும். ஒவ்வொரு சிறு கட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்விடத்தில் உள்ள பொருள் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அவ்வெண் குறிக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் இவ்வளவையில் தண்ணீருக்குச் சுழி. காற்றுக்குக் கழித்தல் 1000. காற்று நிறைந்த நுரையீரல் பெரும்பாலும் கழித்தல் 700-க்கும் கழித்தல் 900-க்கும் இடையில் அமையும். தசை சுழிக்குச் சற்று மேலே நிற்கும். எலும்பும் சுண்ணாம்புப் படிவும் பல நூறுகளைத் தொடும்.

ஒரு குறுக்குவெட்டில் நெடுக்கில் 512, குறுக்கில் 512 என்று கட்டங்கள் அமைகின்றன. அதாவது 2,62,144 எண்கள். ஒரு மார்பு ஆய்வில் இத்தகைய வெட்டுகள் 300 இருப்பதாகக் கொண்டால், மொத்தம் ஏழே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட எண்கள் வருகின்றன. இவ்வெண் கடலில் 5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கணுவைத் தேடுவதே கதிரியல் மருத்துவரின் வேலை. உளுந்து ஒன்றின் பருமனே உள்ள பொருளை இரண்டு நுரையீரல்களின் பரப்பு முழுவதிலும் தேடுவதற்கு இது ஒப்பாகும்.

மனிதக் கண்ணின் எல்லை

பயிற்சி பெற்ற கண்ணுக்கு இது இயலாத செயல் அன்று. நாள்தோறும் மருத்துவர்கள் இதனைச் செய்துவருகின்றனர். எனினும் மனிதக் கவனத்திற்கு எல்லை உண்டு. இதனை 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஒரு வியப்பான சோதனையால் காட்டினர். நுரையீரல் சி.டி. படங்களில் கணுக்களைத் தேடுமாறு 24 கதிரியல் மருத்துவர்களிடம் கூறினர். கடைசித் தொகுதிப் படங்களின் இடையே ஒரு கொரில்லாக் குரங்கின் உருவத்தைப் பொருத்திவைத்தனர். அவ்வுருவம் சராசரிக் கணுவைப் போல 48 மடங்கு பெரிது. ஆயினும் 24 பேருள் 20 பேர் அதனைக் காணவில்லை. கண் அசைவுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, காணாதவருள் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தமை தெரியவந்தது.

இச்சோதனை மருத்துவர்களை இழிவுபடுத்துவதற்காகச் செய்யப்பட்டது அன்று. ஒன்றைக் கூர்ந்து தேடும் உள்ளம் மற்றொன்றைக் காணத் தவறும் என்னும் மனித இயல்பையே அது காட்டிற்று. கண் பார்ப்பதும் உள்ளம் காண்பதும் வேறுவேறு. நூறாவது நோயாளியின் படத்தை மாலை நேரத்தில் பார்க்கும் மருத்துவருக்கு அருகில், சோர்வறியாத ஒரு துணை இருந்தால் நன்று என்னும் எண்ணம் இங்குதான் வலுப்பெறுகிறது.

கணிப்பொறி எவ்வாறு தேடுகிறது?

இவ்வெண்ணம் புதியதன்று. அமெரிக்கக் கதிரியல் அறிஞர் குவிலிம் லாட்விக், நுரையீரல் புற்றுநோய்ப் படங்களின் இயல்புகளை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குத் தரும் முறையை 1963-இலேயே வெளியிட்டார். 1980-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் தலைமையிலான குழுவினர் மார்பு எக்ஸ்ரே படங்களில் கணுக்களைத் தேடும் முறைகளை வளர்த்தனர். சி.டி. படங்களில் நுரையீரல் கணுக்களைச் சுட்டும் கணிப்பொறி முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் ஒப்புதல் வழங்கியது.

தேடும் முறை பொதுவாக நான்கு படிகளை உடையது.

முதற்படி, நுரையீரலைப் பிரித்தெடுத்தல். காற்று நிறைந்த பகுதியின் எண் மிகத் தாழ்வாக இருப்பதால், அதனை மார்புச் சுவரிலிருந்து பிரிப்பது எளிது. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. சுவரை ஒட்டி வளர்ந்த கணுவின் எண் சுவரின் எண்ணைப் போலவே இருக்கும். எல்லை வகுக்கும்போது அக்கணு சுவரோடு சேர்ந்து வெட்டுண்டு போய்விடலாம். எனவே எல்லைக்கோட்டில் பள்ளம் விழுந்த இடங்களை நிரவி, ஒட்டிய கணுவை மீண்டும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் வழிகளை அமைத்துள்ளனர்.

இரண்டாம் படி, ஐயத்திற்குரிய இடங்களைத் திரட்டுதல். காற்றின் நடுவே அடர்ந்து தோன்றும் ஒவ்வொரு புள்ளியும் இங்கே குறித்துக்கொள்ளப்படும்.

மூன்றாம் படி, பொய்யானவற்றைக் களைதல். கடினமான படி இதுவே. இரத்தக் குழாயைக் குறுக்கே வெட்டினால் அதுவும் வட்டமாகவே தோன்றும். முருங்கைக்காயையும் நெல்லிக்காயையும் குறுக்கே அரிந்தால் இரண்டும் வட்டமே. ஆனால் அடுத்தடுத்த துண்டுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். முருங்கைக்காயின் வட்டம் துண்டுதோறும் தொடர்ந்து வரும். நெல்லிக்காயின் வட்டம் சில துண்டுகளில் சுருங்கி மறையும். கணிப்பொறியும் இவ்வாறே ஒரு வெட்டை மட்டும் நோக்காது, மேலும் கீழும் உள்ள வெட்டுகளை இணைத்து நோக்கிக் குழாயையும் கணுவையும் பிரிக்கிறது.

நான்காம் படி, அளத்தல். மனிதக் கண்ணைக் கணிப்பொறி தெளிவாக விஞ்சுவது இங்கேதான். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஏழரை மில்லிமீட்டராக வளர்ந்தால், விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடே உள்ளது. கண்ணுக்கு அது புலப்படாமலே போகலாம். ஆனால் அதன் கன அளவோ 113 கன மில்லிமீட்டரிலிருந்து 221 ஆக, ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. ஒரு கணு தீயதா என்பதை அறிய அதன் வளர்ச்சி வேகமே சிறந்த சான்றுகளுள் ஒன்று. ஆதலின் இவ்வளவை பெரும்பயன் உடையது. கணுவை மட்டுமன்றிப் பிற குறைகளையும் இவ்வாறு அளக்கலாம். நுரையீரலின் நுண் காற்றறைகள் சிதைந்து விரியும் எம்ஃபிசிமா நோயில், கழித்தல் 950-க்கும் தாழ்ந்த எண்ணுடைய பகுதி நுரையீரலில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டு நோயின் அளவைக் கூறுகின்றனர்.

பழைய முறைகளில் இவ்விதிகளையெல்லாம் மனிதர் எழுதிக் கொடுத்தனர். 2012-க்குப் பின் பரவிய ஆழ்கற்றல் முறையில் விதிகளை எழுதித் தருவதில்லை. மருத்துவர்கள் முன்னரே குறித்துவைத்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, கணிப்பொறியையே வேறுபாடுகளைக் கற்றுக்கொள்ளச் செய்கின்றனர். கணிப்பொறி பின்பற்றும் செயல்வழியைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆய்வுகள் காட்டிய பயன்

படம் எடுத்துத் தேடுவதால் உயிர் காக்கப்படுமா என்பது முதல் வினா. அமெரிக்காவில் நடைபெற்ற தேசிய நுரையீரல் சோதனை ஆய்வு இதற்கு விடை தந்தது. 55 முதல் 74 வயது வரையுள்ள, மிகுதியாகப் புகைபிடித்த 53,454 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் குறைந்த கதிரளவுள்ள சி.டி. படமும் மறு பிரிவுக்கு எக்ஸ்ரே படமும் ஆண்டுக்கு ஒருமுறையாக மூன்று முறை எடுத்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, சி.டி. பிரிவில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்திருந்தது. இவ்வகைப் படத்திற்கான கதிரளவு வழக்கமான மார்பு சி.டி.யில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கேயாகும்.

ஆனால் இவ்வெற்றியின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. சி.டி. பிரிவில் ஐயத்திற்குரியன என்று குறிக்கப்பட்டவற்றுள் 96.4 விழுக்காடு புற்றுநோய் அல்லாதவை. மீன் வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் சிறு மீனும் தப்பாது; குப்பையும் தப்பாது. பொய்யான எச்சரிக்கை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் உறக்கமற்ற இரவுகளும், மீண்டும் படம் எடுக்கும் செலவும், சிலருக்கு ஊசியால் திசு எடுக்கும் இடரும் உள்ளன.

இக்குறையைக் குறைக்க வழி காட்டியது நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடைபெற்ற நெல்சன் ஆய்வாகும். விட்டத்தை அளப்பதற்கு மாறாக, கணிப்பொறியின் துணைகொண்டு கன அளவையும் அது இரு மடங்காகும் காலத்தையும் அளந்தனர். 50 கன மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பொருட்படுத்தவில்லை. 500-க்கு மேற்பட்டவற்றை உடனே ஆராய்ந்தனர். இடைப்பட்டவற்றுக்குச் சில மாதங்கள் பொறுத்து மீண்டும் படம் எடுத்து வளர்ச்சியைப் பார்த்தனர். 2020-இல் வெளியான முடிவில், பத்தாண்டுகளில் ஆண்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு 24 விழுக்காடு குறைந்திருந்தது. நோய்க்குரியவை என்று தீர்மானிக்கப்பட்ட படங்களோ 2.1 விழுக்காடு மட்டுமே. பொறுத்திருந்து அளத்தலும் மருத்துவமே என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

படத்தைக் கணிப்பொறியே முழுமையாக ஆராயும் முறையிலும் முன்னேற்றம் வந்துள்ளது. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையை, முன்கூறிய அமெரிக்க ஆய்வின் 6,716 படங்களில் சோதித்தனர். புற்றுநோய் உள்ள ஒருவர் படத்தையும் இல்லாத ஒருவர் படத்தையும் இணையாகக் கொடுத்தால், நூற்றில் 94 முறை அது முன்னதற்கே மிகுந்த ஐயத்தைத் தெரிவித்தது. நோயாளியின் பழைய படம் ஒப்பிடக் கிடைக்காத நிலையில் ஆறு கதிரியல் மருத்துவர்களை அது விஞ்சியது. பழைய படமும் கிடைத்தபோது மருத்துவர்கள் அதற்கு இணையாக நின்றனர். 2023-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தாரும் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையாரும் இணைந்து வெளியிட்ட 'சிபில்' என்னும் முறை, ஒரே படத்தைக் கொண்டு வரும் ஆறாண்டுகளுக்குள் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைக் கணிக்க முயல்கிறது. இது தைவான் நாட்டு மருத்துவமனைப் படங்களிலும் சோதிக்கப்பட்டது.

கற்பித்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு

இவ்வெண்களைக் கண்டு மயங்கும் முன் ஒரு வினாவைக் கேட்டல் வேண்டும். கணிப்பொறிக்குக் கற்பித்தவர் யார்? மருத்துவர்களே. அவர்கள் அனைவரும் ஒரே கருத்தினரா?

அமெரிக்காவில் ஏழு கல்வி நிறுவனங்களும் எட்டு மருத்துவப் படக் கருவி நிறுவனங்களும் சேர்ந்து 1,018 சி.டி. ஆய்வுகளைத் தொகுத்து, 2011-இல் அத்தொகுப்பைப் பற்றி விரிவாக வெளியிட்டன. உலகெங்கும் ஆய்வாளர்கள் கணிப்பொறியைப் பயிற்றுவிக்க இத்தொகுப்பையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். இதில் ஒவ்வொரு படத்தையும் நான்கு கதிரியல் மருத்துவர்கள் முதலில் தனித்தனியே பார்த்தனர். பின்னர், மற்ற மூவர் குறித்தவற்றைப் பெயரின்றிக் கண்டபின் மீண்டும் பார்த்தனர். இவ்வாறு இரு முறை பார்த்தும், 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கணு என்று நால்வருள் ஒருவரேனும் குறித்தவை 2,669. நால்வரும் ஒருமித்துக் குறித்தவை 928 மட்டுமே. அஃதாவது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த அளவு.

இஃது ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தியாகும். 'விடைத்தாள்' என்று நாம் நம்புவதே ஐயத்தோடு எழுதப்பட்டது. கணிப்பொறி அறிவது உண்மையை அன்று. உண்மையைப் பற்றி மருத்துவர்கள் கொண்ட கருத்தையே. ஆசிரியரின் தெளிவும் ஐயமும் மாணவனிடம் இறங்குவது போல, மருத்துவரின் தெளிவும் ஐயமும் கணிப்பொறியிடம் இறங்குகின்றன.

மற்றொரு படிப்பினையைக் கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் தந்தது. 2020-இல் மார்புப் படங்களைக் கொண்டு அந்நோயைக் கண்டறிவதாகக் கூறிய கணிப்பொறி முறைகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் அவற்றை ஆராய்ந்த ஒரு குழு, தரம் பார்த்து எஞ்சிய 62 ஆய்வுகளுள் ஒன்றுகூட மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கதன்று என்று 2021-இல் அறிவித்தது. சில ஆய்வுகளில் நோயாளிகளின் படங்களாக முதியோர் படங்களும், நோயற்றோர் பக்கத்தில் குழந்தைகளின் படங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. அத்தகைய நிலையில் கணிப்பொறி நோயை அடையாளம் காண்பதற்கு மாறாக வயதை அடையாளம் கண்டே உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிட முடியும். பொருளை உணராமல் மனப்பாடம் செய்து தேர்வில் வென்ற மாணவனை இது நினைவூட்டுகிறது அன்றோ?

காசநோய் வாழும் நிலம்

இங்கே நம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் வாழ்கின்றனர். காசநோய் வந்து ஆறிய நுரையீரலில் வடுக்களும் கணுக்களும் எஞ்சுகின்றன. அவற்றுள் சில சுண்ணாம்பு படிந்து இறுகி, 'இது பழைய வடு' என்று தெளிவாகக் காட்டும். சில அவ்வாறு காட்டுவதில்லை. வடிவாலும் அளவாலும் புற்றுநோய்க் கணுவையே ஒத்திருக்கும். முன்கூறிய அமெரிக்க ஆய்வில் பங்கேற்றோருள் பத்தில் ஒன்பது பேர் வெள்ளை இனத்தவர். அப்படங்களில் கற்ற கணிப்பொறி, காசநோய் வடுக்கள் மலிந்த நம் நுரையீரல்களைப் பார்க்கும்போது என்ன சொல்லும்? வடுவைப் புற்று என்று சொன்னால் வீண் அச்சமும் தேவையற்ற சோதனையும் விளையும். புற்றை வடு என்று சொன்னால் உயிரே போகும். நம் நாட்டில் புற்றுநோயைக் காசநோய் எனக் கருதி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துக் காலம் கடந்துவிடும் நிகழ்வுகளை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர்.

ஆகவே, வேற்று நாட்டில் தேறிய கருவியை நம் மக்கள்மீது பயன்படுத்தும் முன், நம் மக்களின் படங்களிலேயே அதனைச் சோதித்தல் இன்றியமையாதது. இத்தகைய சோதனைக்குத் தமிழகத்திலேயே ஒரு சீரிய முன்னோடி உண்டு. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், காசநோயாளியை மருத்துவ இல்லத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டில் இருந்தவாறே மருந்துண்பதும் அதே அளவு பயன் தரும் என்பதைச் சென்னை நகரின் எளிய மக்களிடையே முறையாக ஆய்ந்து 1959-இல் வெளியிட்டது. அம்முடிவு உலகக் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அந்நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நம் மண்ணின் வினாவுக்கு நம் மண்ணிலேயே விடை தேடலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தமிழ் கற்றோரின் பொறுப்பு

இனி, தமிழ்த்துறைக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்புக்கு வருவோம். சி.டி. ஆய்வு முடிந்ததும் நோயாளியின் கையில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தரப்படுகிறது. மருத்துவரைக் காண இன்னும் இரண்டு நாள் இருக்கும். அதற்குள் அவ்வறிக்கை வீட்டில் யாரிடம் போய்ச் சேர்கிறது? கல்லூரியில் படிக்கும் மகனிடமோ மகளிடமோதான். 'இதில் என்னம்மா போட்டிருக்கிறது?' என்று பெரியவர் கேட்கிறார். அதில் 'நாட்யூல்' என்று இருக்கிறது. பிள்ளை அதனைக் 'கட்டி' என்று மொழிபெயர்க்கிறது. நம் மக்கள் செவியில் நுரையீரலில் கட்டி என்றால் புற்றுநோய் என்பதே பொருள். அந்த ஒரு சொல்லால் அவ்வீட்டில் அன்று உலை ஏறாது.

நாட்யூல் என்பது 3 சென்டிமீட்டர் அளவுக்கு மேற்படாத, உருண்டையொத்த சிறு திரட்சி என்றே பொருள்படும். அது நோயின் பெயரன்று, தோற்றத்தின் பெயர். கரும்பிலும் மூங்கிலிலும் நாம் காணும் 'கணு' என்னும் சொல், அச்சம் விளைக்காமல் தோற்றத்தை மட்டும் உணர்த்துவதால், இக்கட்டுரை முழுவதும் அதனையே ஆண்டோம். சிறு கணுக்களுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லி மறைப்பதும் தவறு. 'சிறு கணு ஒன்று தெரிகிறது. அது என்னவென்று மருத்துவர் சொல்வார். அவர் குறித்த நாளில் மீண்டும் படம் எடுக்க வேண்டும்' என்று சொல்வதே உண்மையும் பரிவும் கூடிய மொழிபெயர்ப்பாகும். அந்த நாளைத் தவறவிடாமல் பெரியவரை அழைத்துச் செல்வதும் அம்மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியே.

அதுபோலவே, கணிப்பொறி தரும் முடிவையும் சரியான சொல்லால் வழங்க வேண்டும். கணிப்பொறி 'கண்டுபிடித்தது' என்பதைவிடச் 'சுட்டியது' என்பதே பொருத்தம். முன்னதில் முடிவு இருக்கிறது; பின்னதில் மேலும் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது. கலைச்சொல்லாக்கம் அகராதி அறைக்குள் முடிந்துவிடும் பணி அன்று. ஒரு சொல் மக்களின் அச்சத்தையும் துணிவையும் ஆள வல்லது என்பதை உணர்ந்தோர் செய்ய வேண்டிய பணியாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். சி.டி. படம் எண்களால் ஆனது. ஆதலின் கணிப்பொறி அதனை ஆராய முடிகிறது. மனிதக் கவனத்திற்கு எல்லை உண்டு. ஆதலின் அதன் துணை தேவைப்படுகிறது. அளப்பதில் அது நம்மை விஞ்சுகிறது. ஆயினும் அது கற்றது மருத்துவர்களிடமிருந்து. அவர்களுடைய ஐயங்களையும் சேர்த்தே கற்றிருக்கிறது. ஒரு நாட்டில் கற்றதை மற்றொரு நாட்டில் அப்படியே பொருத்தினால் தவறும் நேரலாம்.

கணிப்பொறி கணுவைப் பார்க்கிறது. அக்கணுவை உடையவரைப் பார்ப்பதில்லை. அவர் எத்தனை ஆண்டு புகைபிடித்தார், பஞ்சாலையில் வேலை செய்தாரா, இளமையில் காசநோய்க்கு மருந்துண்டாரா, அறுவை மருத்துவத்தைத் தாங்கும் வலிமை உடையவரா என்பனவற்றையெல்லாம் ஒருங்கே எண்ணித் தீர்ப்புச் சொல்வதும், அத்தீர்ப்புக்குப் பொறுப்பேற்பதும் மருத்துவர் கடமை. எனவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு நாம் காணும் விடை இதுவே: வள்ளுவர் வகுத்த நான்கனுள் கணிப்பொறியின் இடம், அருகிருந்து உதவுபவனின் இடமேயாகும். அது தாழ்ந்த இடம் அன்று. நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் குறைவுபடும்.

அவ்விடத்தில் நிற்கும் வேறொருவரும் உண்டு. அறிக்கையைக் கையில் வாங்கி, பெரியவர் முகத்தைப் பார்த்து, தகுந்த தமிழ்ச் சொல்லைத் தேடும் மாணவரும் அருகிருந்து உதவுபவரே. கருவி சுட்டும், மருத்துவர் தெளிவார், அதனை நோயாளி அஞ்சாமலும் அலட்சியம் செய்யாமலும் புரிந்துகொள்ளுமாறு எடுத்துரைப்பது தமிழ் கற்றோர் கடன்.